ஐம்பது துடிப்பில் ஓடிய ஆட்டம்: தொலைக்காட்சித் தரமும் தமிழகத்துக் காணொளி விளையாட்டும் – திருவண்ணாமலை போன்ற உள்நகரங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

காணொளி விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் உலகை இரு பகுதிகளாகப் பிரிப்பது வழக்கம். ஒன்று ஜப்பானும் வட அமெரிக்காவும் சார்ந்த என்டிஎஸ்சி பகுதி. மற்றொன்று ஐரோப்பா சார்ந்த பிஏஎல் பகுதி. இந்தியா பிஏஎல் தரத்தை ஏற்ற நாடாகையால் அது இரண்டாவதில் அடங்கும் என்று கருதப்படுகிறது. 1990களில் தமிழகத்து இல்லங்களில் ஆடப்பட்ட விளையாட்டு இவ்விரண்டிலும் அடங்காதது என்பதை அன்றைய கருவிகளின் மின்னணு அமைப்பைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தொலைக்காட்சித் தரம், பிஏஎல், என்டிஎஸ்சி, ஃபேமிகாம், படியெடுப்புக் கருவி, திருவண்ணாமலை, தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவிக்குத் தனித்திரை கிடையாது. அது ஒரு சிறு ஒளிபரப்பு நிலையமாகவே செயற்பட்டது. வானலையில் வரும் நிகழ்ச்சிக்கு மாற்றாகத் தான் உருவாக்கிய படத்தை அதே வடிவில், அதே அலைவரிசையில் பெட்டிக்குள் செலுத்தியது. ஆகவே ஒரு நாடு தன் ஒளிபரப்புக்கு எத்தரத்தைத் தேர்ந்ததோ அத்தரமே அந்நாட்டுச் சிறுவர் ஆடும் ஆட்டத்தின் வேகத்தையும் வடிவத்தையும் முடிவு செய்தது. அத்தேர்வைச் செய்த பொறியாளர் எவரும் விளையாட்டை எண்ணிப் பார்த்திருக்க இயலாது.

தமிழில் ஊடக வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் திரைப்படத்தையும், அடுத்த நிலையில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் உள்ளடக்கத்தையும் மையமிட்டவை. வீட்டுக்குள் இருந்த பெட்டி எவ்வாறு இயங்கியது என்ற வினா பொறியியலாருக்கு உரியதென ஒதுக்கப்பட்டது. இந்த ஒதுக்கம் ஒரு தலைமுறையின் அனுபவத்தைத் தவறாகப் பதிவு செய்ய இடமளித்துள்ளது.

இரு தரங்களும் இந்தியத் தேர்வும்

அமெரிக்காவில் 1953இல் ஏற்கப்பட்ட வண்ணத் தரமே என்டிஎஸ்சி. ஒரு படத்திற்கு 525 வரிகள்; நொடிக்கு ஏறத்தாழ 60 புலங்கள். மேற்கு ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் வால்டர் புருக் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய பிஏஎல், 625 வரிகளும் நொடிக்கு 50 புலங்களும் கொண்ட ஒளிபரப்போடு இணைந்தது. புலங்களின் எண்ணிக்கை அவ்வந்நாட்டு மின்வழங்கலின் அலைவெண்ணை ஒட்டி அமைந்தது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50 ஹெர்ட்ஸ்.

1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் ஒளிபரப்பு தொடங்கியபோதே இந்தியா 625 வரி முறையை மேற்கொண்டது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று கருப்பு வெள்ளையில் தொடங்கிற்று. 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் வந்தபோது, ஏற்கெனவே இருந்த 625 வரி அமைப்பின்மேல் பிஏஎல் ஏற்றப்பட்டது. இலட்சக்கணக்கான கருப்பு வெள்ளைப் பெட்டிகளைப் பயனற்றவை ஆக்காமல் வண்ணத்துக்கு மாற அதுவே இயல்பான வழி.

தரத்தேர்வில் அரசியலும் கலந்திருந்தது என்பதற்கு அண்டை நாடுகள் சான்று. இலங்கையின் ரூபவாகினி ஜப்பானிய உதவியோடு கட்டப்பட்டு 1982 பெப்ரவரியில் தொடங்கியது. எனினும் தரம் பிஏஎல்தான். அதே ஜப்பானின் உதவியைப் பெற்ற பர்மாவோ என்டிஎஸ்சியை ஏற்றது. சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை பிஏஎல் நாடுகள். தமிழர் மிகுதியாகப் பணிக்குச் சென்ற ஊர்கள் இவையாதலால், அங்கிருந்து வந்த பெட்டிகளும் கருவிகளும் தமிழகத்தில் பெரிதும் சிக்கலின்றி இயங்கின. அமெரிக்காவிலிருந்து வந்தவற்றுக்கு அந்த நல்லூழ் இல்லை.

திருவண்ணாமலையும் அலையெட்டும் தொலைவும்

சென்னையிலிருந்து சாலைவழி ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருவண்ணாமலை. தொலைக்காட்சி பயன்படுத்திய மீயுயர் அலைவெண் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வது. அடிவானத்தைத் தாண்டி அதிகம் வளையாது. கார்த்திகைத் தீபம் மலையுச்சியில் ஏற்றப்படுவதற்கும் பரப்பிக் கோபுரம் உயரத்தில் நிறுவப்படுவதற்கும் அடிப்படை விதி ஒன்றே: உயரம் கூடக் கூடத்தான் தொலைவில் உள்ளோர்க்கு எட்டும். இவ்விதிப்படி சென்னை நிலையத்தின் ஒளிபரப்பு 1970களில் இந்நகருக்கு முறையாக எட்டக்கூடியதன்று. 1984ஐ ஒட்டி நாடெங்கும் குறைந்த திறன் பரப்பிகள் விரைந்து நிறுவப்பட்ட பின்னரே உள்நகரங்கள் தொலைக்காட்சிக்குள் வந்தன. திருவண்ணாமலை 1989இல் வடஆற்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரானது. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கியதை அடுத்துத் தெருவுக்குத் தெரு கம்பிவடம் பரவியது. செயற்கைக்கோள் வழி வந்த நிகழ்ச்சியையும் உள்ளூர் கம்பிவட நடத்துநர் பிஏஎல் அலைவரிசையாக மாற்றியே வீட்டுக்குள் அனுப்பினார்.

இந்நகருக்கு இன்னொரு தன்மையும் உண்டு. இரமணாசிரமத்தையும் கிரிவலத்தையும் நாடி அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி, பிரான்சு எனப் பல நாட்டினர் வந்து தங்கும் ஊர் இது. என்டிஎஸ்சி, பிஏஎல், செகாம் என மூன்று தரங்களின் குடிகளும் ஒரே தெருவில் நடமாடினர். அமெரிக்காவில் பதிவான காணொளி நாடா ஒன்றை அன்றைய சாதாரண இந்தியப் பெட்டியில் இட்டால் படம் நிலைகொள்ளாது என்பதை இத்தகைய ஊரில் எளிதில் உணர்ந்திருக்கலாம். விளையாட்டுக் கருவியின் சிக்கலும் அதுவே. ஆனால் சற்று ஆழமானது.

கருவி எதைச் செலுத்தியது

நிண்டெண்டோவின் ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளிவந்தது. அதனை அப்படியே இந்தியப் பெட்டியோடு இணைத்தால் மூன்று இடங்களில் முரண் எழும். முதலாவது அலைவரிசை. ஜப்பானின் முதலிரு அலைவரிசைகள் 91.25, 97.25 மெகாஹெர்ட்ஸில் அமைந்தவை. இந்தியப் பெட்டியில் அவ்விடம் தொலைக்காட்சிக்கு உரியதன்று, பண்பலை வானொலிக்கு உரியது. ஆகவே பெட்டியின் குமிழை எவ்வளவு திருகினாலும் படம் அகப்படாது. இரண்டாவது ஒலி. என்டிஎஸ்சியில் ஒலியலை படவலையிலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும். இந்தியாவின் பி வகை பிஏஎல்லில் 5.5. படம் ஒருவாறு கிடைத்தாலும் ஒலி வராது. மூன்றாவது வண்ணம். வண்ணத்தைச் சுமக்கும் துணையலை அங்கு 3.58, இங்கு 4.43 மெகாஹெர்ட்ஸ். வண்ணப் பெட்டியும் கருப்பு வெள்ளைப் படமே காட்டும்.

இதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. இரு தரங்களிலும் நொடிக்கு வரையப்படும் வரிகளின் எண்ணிக்கை ஏறத்தாழச் சமம்: என்டிஎஸ்சியில் 15,734, பிஏஎல்லில் 15,625. எனவே கிடைநிலையில் படம் குலையாது. மேலிருந்து கீழாக மட்டுமே உருளும். பழைய கருப்பு வெள்ளைப் பெட்டிகளின் பின்புறம் ‘வெர்டிகல் ஹோல்டு’ என்றொரு குமிழ் இருந்தது. அதைத் திருப்பி 60 துடிப்புக்குப் படத்தை நிறுத்திவிட இயலும். வண்ணம் அதற்கு ஒரு பொருட்டன்று. விலை குறைந்த பெட்டி அயல்தரத்தை ஏற்பதில் விலை உயர்ந்ததைவிடத் தாராளமாக இருந்தது என்பது தொழில்நுட்ப வரலாற்றில் அடிக்கடி காணக்கிடைக்காத நிலை.

மூன்று கடிகாரங்கள்

இந்தியச் சந்தையில் முறையான இறக்குமதி அரிதாகவே இருந்தது. வரிச்சுமை அதற்கு முதற்காரணம். 80 விழுக்காட்டு இறக்குமதி வரியைத் தவிர்க்கும் பொருட்டு சேகா நிறுவனம் 1995இல் ஷா வாலஸ் நிறுவனத்தோடு விநியோக ஒப்பந்தம் செய்தது. அப்போதும் மெகா டிரைவ் கருவியின் விலை 18,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத தொகை அது. அவ்விடத்தை நிரப்பியவை ஃபேமிகாமின் படியெடுப்புகள்: ‘சாமுராய்’, ‘லிட்டில் மாஸ்டர்’, ‘மீடியா’ முதலிய பெயர்களில் விற்பனையானவை. மக்கள் வழக்கில் இவை ‘வீடியோ கேம்’ அல்லது ‘டிவி கேம்’; உள்ளே செருகும் பொதிக்கு ஒலிநாடாவின் பெயரே நிலைத்து அது ‘கேசட்’ ஆயிற்று.

ஃபேமிகாம் வகைக் கருவிகளை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றியதில் இரு வழிகள் இருந்தன. மூலக் கருவியின் குவார்ட்சுப் படிகம் நொடிக்கு 21.477 மில்லியன் முறை துடிக்கும், இது 3.58 மெகாஹெர்ட்ஸ் வண்ணத் துணையலையின் ஆறு மடங்கு. அதனைப் 12ஆல் வகுத்து மையச் செயலிக்கும் 4ஆல் வகுத்துப் படச் செயலிக்கும் வழங்கினர். ஆகவே செயலி ஓரடி வைக்கும் நேரத்தில் திரையில் சரியாக மூன்று புள்ளிகள் வரையப்படும். பல விளையாட்டுகள் இந்த மூன்றுக்கு ஒன்று என்ற உறவை நம்பி, அடி எண்ணி எழுதப்பட்டவை.

ஐரோப்பாவுக்கு நிண்டெண்டோ அனுப்பிய கருவியில் படிகம் 26.602 மெகாஹெர்ட்ஸ், அதாவது பிஏஎல் துணையலையின் ஆறு மடங்கு. படச் செயலிக்கு 5ஆலும் மையச் செயலிக்கு 16ஆலும் வகுத்தனர். உறவு 3.2 ஆயிற்று. மையச் செயலி 1.79இலிருந்து 1.66 மெகாஹெர்ட்ஸாகக் குறைந்தது. ஜப்பானிய மென்பொருளில் அடி எண்ணி எழுதப்பட்ட பகுதிகள் இதில் குலையும். நிண்டெண்டோவுக்கு இது பெரிய இழப்பன்று. ஐரோப்பாவுக்கென்று திருத்திய பதிப்புகளை அது தனியே விற்றது. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் ஐரோப்பியப் பதிப்பில் மாரியோவின் நகர்வு வேகம் கூட்டப்பட்டு, மெதுவான துடிப்பு ஈடுசெய்யப்பட்டது.

படியெடுத்தோரின் நிலை வேறு. அவர்களுக்குத் திருத்திய பதிப்புகள் கிடையா. ஜப்பானியக் கேசட்டின் நகலே மிகுதி. தைவானின் யுனைடெட் மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் கழகம் (யுஎம்சி) உருவாக்கிய 50 ஹெர்ட்ஸ் சில்லுகள் இதற்கொரு விடை கண்டன. படிகம் அதே 26.602, படச் செயலிக்கு அதே 5, மையச் செயலிக்கு மட்டும் 16க்கு மாற்றாக 15. மூன்றுக்கு ஒன்று என்ற உறவு மீண்டது. என்டிஎஸ்சியில் ஒரு புலத்துக்கு 262 வரிகள், இங்கு 312. கூடுதலான 50 வரிகளில் கருவி ஏதும் செய்யாமல் காத்திருந்து, அதன் பிறகே படம் முடிந்ததென மென்பொருளுக்குச் செய்தி அனுப்பும். மென்பொருளைப் பொறுத்தவரை அது ஜப்பானில்தான் இருந்தது. ஒவ்வொரு புலத்துக்கும் இடையே தன்னை ஒருவர் சற்றே நிறுத்தி வைப்பதை அது அறியாது. தைவானே என்டிஎஸ்சி நாடு என்பதால் இச்சில்லு முழுக்க அயல்சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஒரு எண் மாறிய இடத்தில் இரு வேறு ஆட்ட மரபுகள் பிரிந்தன எனலாம். பிஏஎல் என்ற ஒரே பெயருக்குள் இரண்டையும் அடக்குவது பொருந்தாது.

வேகம், சுருதி, வடிவம்

இவ்வேறுபாடு ஆடுவோர்க்கு எவ்வாறு புலப்பட்டது? ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முதற்கட்டத்தில் காலம் 400 எனத் தொடங்கிக் குறையும். 24 புலங்களுக்கு ஒருமுறை ஓர் எண் குறைகிறது. ஜப்பானில் ஓர் எண்ணின் அளவு 0.4 நொடி, 400 என்பது 160 நொடி. திருத்தப்படாத அதே மென்பொருள் 50 துடிப்பில் ஓடும்போது ஓர் எண் 0.48 நொடி, மொத்தம் 192 நொடி. அதாவது தமிழகத்துச் சிறுவனுக்குக் கட்டத்தை முடிக்கக் கூடுதலாகக் கிடைத்தது அரை நிமிடத்துக்கும் மேல். மாரியோவும் அதே விகிதத்தில் மெதுவாக ஓடுவதால் அது வெறும் சலுகையன்று; ஆயினும் ஆமை நெருங்கும்போது பொத்தானை அழுத்தக் கிடைக்கும் நேரம் உண்மையிலேயே ஐந்தில் ஒரு பங்கு நீண்டது. மனிதக் கையின் வேகம் தரத்துக்குத் தக்கவாறு மாறுவதில்லை அல்லவா.

இசையில் வேறுபாடு இன்னும் நுட்பமானது. ஐரோப்பியக் கருவியில் திருத்தப்படாத விளையாட்டு ஓடினால் காலப்பிரமாணமும் குறையும், சுருதியும் ஏறத்தாழ ஒன்றேகால் அரைச்சுரம் இறங்கும். சுருதியை முடிவு செய்வது மையச் செயலியின் துடிப்பு. காலத்தை முடிவு செய்வது புலத்தின் துடிப்பு. படியெடுப்புக் கருவியில் செயலியின் வேகம் 1.77 மெகாஹெர்ட்ஸாக, மூலத்துக்கு மிக நெருங்கியே இருந்தது. ஆகவே சுருதி அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கே இறங்கியது. காதுக்கு அது எளிதில் புலப்படாது. காலம் மட்டும் விளம்பமானது. நாகசுரக்காரர் சுருதிப்பெட்டியை மாற்றாமல் உருப்படியை மட்டும் சற்று நிதானமாக வாசிப்பதற்கு இது ஒப்பு. சுருதி மாறாமையால் இசை கெட்டதாகத் தோன்றவில்லை. அதுவே இயல்பான வேகமென மனத்தில் பதிய ஏதுவாயிற்று. இவ்வகைச் சில்லுகள் சிலவற்றில் ஒலியலையின் வடிவத்தைக் குறிக்கும் இரு நிலைகள் இடம் மாறி அமைந்து, ஒலியின் நிறமும் வேறுபட்டது.

படத்தின் வடிவமும் மாறியது. கருவி வரைவது 240 வரிகள். பிஏஎல் திரையில் படத்துக்குரிய இடம் ஒரு புலத்துக்கு 288 வரிகள். மேலும் கீழும் கரும்பட்டை விழுந்தது. புள்ளிகள் அகன்று வட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் பருத்தது. ஜப்பானியப் பெட்டிகளில் சட்டகத்துக்குள் மறைந்துபோகும் மேல்வரிகளும் கீழ்வரிகளும் இங்கு வெளிப்படையாகத் தெரிந்தன. திரை நகரும்போது ஓரத்தில் சிதறலான துணுக்குகள் தோன்றியது கருவியின் பழுதன்று. மறைந்திருக்குமென வடிவமைப்பாளர் நம்பிய பகுதி அது.

நாணயமிட்டு ஆடும் ஆர்கேடு நிலையங்களில் இச்சிக்கலில்லை. அவற்றின் திரை ஒளிபரப்போடு தொடர்பற்ற தனித்திரை. 60 துடிப்பிலேயே ஓடும். பெருநகரத்து நிலையத்திலும் வீட்டிலும் ஒரே பெயருடைய ஆட்டத்தை ஆடியவர் முன்னது கடினம் என்று உணர்ந்தால், அதற்கு நிலைய உரிமையாளர் கருவியை முடுக்கிவிட்டார் என்பதைவிட எளிய விளக்கம் உண்டு.

இலவச வண்ணத் தொலைக்காட்சிக்குப் பின்

மேலைநாடுகளில் இத்தகைய கருவிகளின் காலம் 1990களின் நடுவிலேயே முடிவுற்றது. தமிழகத்தில் அவ்வாறன்று. 2006 செப்டம்பரில் தொடங்கி 2011 வரை நடைமுறையில் இருந்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின்கீழ் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் மாநிலமெங்கும் வழங்கப்பட்டன. திருவண்ணாமலை போன்ற வேளாண் மாவட்டங்களின் சிற்றூர்களுக்கு அவை பெரும் எண்ணிக்கையில் சென்றன. 14 அங்குலத் திரை கொண்ட இக்குழாய்ப் பெட்டிகள், உலகச் சந்தை தட்டைத் திரைக்கு நகர்ந்து கொண்டிருந்த அதே ஆண்டுகளில் 625 வரித் தரத்தைப் புதிய இல்லங்களுக்குக் கொண்டு சென்றன. ‘9999 இன் 1’ எனப் பெரிய எண்ணைத் தாங்கிய கேசட்டுகளோடு வந்த மலிவான டிவி கேம் கருவிகளுக்கு இதனால் மறுவாழ்வு கிட்டியது. நலத்திட்ட வரலாற்றில் இத்திட்டம் வாக்கு அரசியலாகவும் ஒளிபரப்பு வணிகமாகவும் மட்டுமே விவாதிக்கப்படுகிறது. அது ஒரு தொழில்நுட்பத் தரத்தின் ஆயுளை நீட்டித்தது என்ற கோணமும் ஆய்வுக்குரியது.

முறையான சந்தையும் பின்னர் உருவாயிற்று. இந்தியாவில் முழுமையாக உருவாக்கப்பட்டு பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு 2009இல் வெளிவந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ பிஏஎல் பகுதிக்குரிய வெளியீடே. அதற்குள் உயர்தெளிவுத் திரைகள் வந்து, 50, 60 என்ற பிளவு விளையாட்டில் பொருளிழக்கத் தொடங்கியது. தூர்தர்ஷன் 2022ஐ ஒட்டித் தன் அனலாக் நிலவழி ஒளிபரப்பைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டது.

ஆவணப்படுத்தலில் எழும் சிக்கல்

இன்று இவ்விளையாட்டுகளை ஆராய்வோர் கணினியில் எமுலேட்டர் மென்பொருள் வழியாகவே அணுகுகின்றனர். அவை இயல்பாக என்டிஎஸ்சி வேகத்தில் தொடங்குபவை. இணையத்தில் காணக்கிடைக்கும் ஆட்டப் பதிவுகளும் பெரும்பாலும் 60 துடிப்பினவே. விரைந்து முடிப்போரின் போட்டிப் பதிவுகளில் இரு தரங்களும் தனித்தனியே கணக்கிடப்படுகின்றன; ஆனால் அங்கும் பிஏஎல் என்றால் ஐரோப்பியத் திருத்தப் பதிப்பே. சிறுவயதில் ஆடியவரிடம் நேர்காணல் செய்யும் ஆய்வாளர், “அப்போது இது எளிதாக இருந்தது”, “இசை இவ்வளவு வேகமாக இல்லை” என்ற கூற்றுகளை ஏக்கத்தின் மிகையெனத் தள்ளிவிட வாய்ப்புண்டு. மேற்கண்ட கணக்கின்படி அவை துல்லியமான சாட்சியங்கள். வாய்மொழி வரலாற்றில் நினைவின் பிழை எனக் குறிக்கப்படுவது சில வேளைகளில் ஆய்வாளர் கையிலுள்ள கருவியின் பிழையாக இருக்கக்கூடும்.

எமுலேட்டர்கள் சிலவற்றில் மூன்றாவதொரு தெரிவும் உள்ளது. அதன் பெயர் ‘டெண்டி’. யுஎம்சி சில்லுகளைக் கொண்டு 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த படியெடுப்புக் கருவியின் பெயர் அது. அந்நாட்டு ஆர்வலர்கள் தம் கருவியை அளந்து பதிவு செய்ததால் இப்பெயர் நிலைத்தது. இந்தியாவில் விற்ற 50 துடிப்புக் கருவியின் ஆட்டத்தை மீளக் காண விரும்பும் தமிழ் ஆய்வாளர் இன்று ரஷ்யப் பெயரையே தேர்ந்தாக வேண்டும்.

படியெடுப்புக் கருவிகள் உரிமை மீறல்கள் என்பதில் ஐயமில்லை. அதனாலேயே அருங்காட்சியகங்களும் நூலகங்களும் அவற்றைச் சேகரிக்கத் தயங்குகின்றன. பழைய இரும்புக் கடைகளில் அவை நாள்தோறும் உடைபடுகின்றன. சேகரிக்க முனைவோர் கருவியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் குறிப்பது போதாது. மேலுறையைத் திறந்து பலகையில் உள்ள படிகத்தின் மேல் பொறித்த எண்ணைப் படித்தெழுத வேண்டும். 21.477 எனில் ஜப்பானிய வேகம். 26.601 எனில் 50 துடிப்பு. அதனோடு செயலிச் சில்லின் எண்ணையும் குறித்தால் வகுத்தது 15ஆலா 16ஆலா என்பது தெளிவாகும். எந்தப் பெட்டியோடு இணைத்து ஆடப்பட்டது, அது வண்ணமா கருப்பு வெள்ளையா, பின்புறக் குமிழ் இருந்ததா என்பவற்றை உரியவரிடம் கேட்டு உடன் பதிய வேண்டும். ஒரு கருவிக்கு இப்பதிவைச் செய்ய ஒரு திருப்புளியும் கால் மணி நேரமும் போதும்.